மும்தாஜ் நிறுத்திய இடம்

முன்னறையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து வீடு முழுக்கத் தெர்மாகோல் வாசனை. புது அட்டையின் வாசனையும் அதில் கலந்திருக்கிறது. உள்ளே இருப்பது கலர் டிவி, அரசாங்கம் கொடுத்தது. நீ இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய். "நம்ம வீட்டுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் சிரித்திருப்பாய்.

ரேஷன் கார்டு இருந்து டிவி இல்லாத வீடுகளுக்கெல்லாம் கொடுக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் போவதாக இல்லை. எதிர்வீட்டுக்காரர்தான் விடவில்லை. "டோக்கன் வந்திருச்சுல்ல சார், வாங்கிட்டு வந்து மூலையில போடுங்க, என்ன இப்ப" என்று கையோடு கூட்டிப் போனார். பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல வெயில். வரிசை நகர்ந்து மேசைக்குப் போனதும் அங்கே இருந்த பெண் என் கார்டைப் புரட்டினாள். கல்யாணமாகிப் போன நம் மகள் ஜெசிந்தாவின் பெயர் மேல் ஒரு கோடு. உன் பெயர் மேல் ஒரு கோடு. "ஒரே ஆளா சார்?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். "இங்க ஒரு கையெழுத்து" என்று விரலால் இடத்தைக் காட்டினாள்.

ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காமலே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ எழுதிவிட்டேன். உன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இதையும் நான் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப் போவதில்லை.

நான் பகலில் தமிழாசிரியன், சாயங்காலத்தில் கட்டுரையாளன். மேடையில் கூப்பிடும்போது 'சமூக விமர்சகர்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து போவேன். ஊருக்குள் புதிதாக எது வந்தாலும் அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது. கல்யாண மண்டபம் வந்தபோது, வீடியோ கேமரா வந்தபோது, வீட்டு வாசலுக்கே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் ஆங்கிலப் பள்ளி வேன் வந்தபோது, பிறந்தநாளுக்குக் கேக் வந்தபோது, எல்லாவற்றுக்கும் எழுதினேன். பெரும்பாலும் அது வந்திருக்கக் கூடாது என்கிற கருத்துத்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு மாத இதழிலும், ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பிலும் போடுவார்கள். நீ செம்பட்டிக்கு மேற்கே தக்காளியும் கத்தரியும் போட்டிருந்த வீட்டில் பிறந்து, பத்தாவது முடித்துவிட்டு என்னிடம் வந்தவள். நான் எழுதியதையெல்லாம் உனக்கு வாசித்துக் காட்டுவேன். நீ கீரையை ஆய்ந்தபடி கேட்பாய். "நல்லாருக்குங்க" என்பாய். நான் அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் தெருவுக்கு முதல் கலர் டிவி வந்தது. நாலு வீடு தள்ளி இருந்த மும்தாஜின் புருஷன் சவூதியிலிருந்து விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது. அந்த வருஷம்தான் நான் அந்தக் கட்டுரையை எழுதினேன். முன்பெல்லாம் வீட்டில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்தார்கள், இனி எல்லோரும் ஒரே சுவரைப் பார்த்து உட்காரப் போகிறார்கள் என்று முடியும். அந்த வரிக்காக எத்தனை கடிதங்கள் வந்தன! பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை அப்படியே சொன்னார். ஒரு கல்லூரி விழாவில் மாணவி ஒருத்தி மனப்பாடமாக ஒப்பித்தாள்.

உனக்கும் வாசித்துக் காட்டினேன். நீ வழக்கம்போல "நல்லாருக்குங்க" என்றாய். பிறகு முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "உங்க மேசையும் செவுத்தப் பாத்துத்தான கெடக்கு" என்றாய்.

நான் சிரித்தேன். நீ வேடிக்கையாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காபியைக் குடித்துவிட்டு அந்த மேசையில் உட்கார்ந்தால் எட்டரைக்குச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன். முதுகுக்குப் பின்னால் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. பாத்திரச் சத்தம் கேட்டால் வீட்டில் இருக்கிறாய் என்று அர்த்தம். கேட்காவிட்டால், ஏழு மணி, நீ தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபிக்கு ஜெபமாலைக்குப் போய்விட்டாய் என்று அர்த்தம். முக்காடும் ஜெபமாலையுமாக, "வாரேங்க" என்று சொல்லிவிட்டுப் போவாய். எட்டே காலுக்குத் திரும்பி வருவாய். ஜெசிந்தா நர்ஸிங் படிக்கப் பெங்களூர் போன பிறகு ஒருநாள் தவறாமல் போனாய். பிள்ளையைப் பிரிந்த தாய்க்குப் பக்தி கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஏழரை வாக்கில் திடீரென்று மழை பிடித்தது. நீ குடை எடுத்துப் போகவில்லை என்று அன்றைக்கு மட்டும் ஏனோ எனக்குத் தோன்றியது. எழுதியதை அப்படியே போட்டுவிட்டுக் குடையோடு கெபிக்கு வந்தேன். தகரக் கொட்டகைக்குள் நாலைந்து வயதான பெண்கள் நனையாமல் ஒடுங்கி நின்று ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளை உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன்னைக் கேட்டேன். "அவுக வந்து ரொம்ப நாளாச்சே சார்" என்றார் ஒருவர்.

திரும்பி வரும் வழியில் மும்தாஜ் வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. உன்னுடையதை எனக்குத் தெரியும், வலது கால் வார் அறுந்து ஊக்கு குத்தியது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. நான் தெருவில் நின்றபடியே உள்ளே பார்த்தேன்.

கட்டுரையில் எழுதியபடி எல்லோரும் வாயடைத்துப் போய் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். பெட்டியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பாதிப் பேர்தான் பார்த்தார்கள். பூ விற்கும் நாகம்மா மடியில் மல்லிகையைக் குவித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நீ அவளுக்குப் பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். யாரோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கலர் வெளிச்சம் எல்லோர் முகத்திலும் மாறி மாறி விழுந்தது.

"ஏண்டி, அம்புட்டுப் பேச்சு பேசுறா மாமியாக்காரி. இவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிரும்?" என்றாள் நாகம்மா.

"சொல்லிட்டா நாடகம் முடிஞ்சிருமே" என்றாள் மும்தாஜ்.

நீ பூவை நீட்டிக்கொண்டே சொன்னாய்: "பேசுனா எழுதிப்புடுவாகன்னு பயந்துக்கிட்டு இருக்கா போல. என்னைய மாதிரி."

அறையே சிரித்தது. நீயும் சிரித்தாய், தலையைப் பின்னால் சாய்த்து, வாயை மூடாமல். உன் கடைவாயில் ஒரு பல் விழுந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வந்த வழியே வீட்டுக்கு நடந்தேன்.

எட்டே காலுக்கு நீ நனைந்துகொண்டு வந்தாய். "ஜெபமாலை முடிஞ்சதா?" என்று கேட்டேன். "முடிஞ்சதுங்க. மழைல்ல, ஆள் கம்மி" என்றாய். தலையைத் துவட்டிக்கொண்டு சோறு எடுத்து வைத்தாய். நான் சாப்பிட்டு எழுந்தேன். அந்த வாரமே எழுதினேன்.

நீ பொய் சொன்னதற்காகக் கோபப்பட்டு எழுதினேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. எட்டுப் பெண்களுக்கு நடுவில் நான் ஒரு வேடிக்கையாக இருந்தேன் என்பதைத் தாங்க முடியவில்லை. கட்டுரைக்கு 'ஏழு மணி' என்று பெயர் வைத்தேன். கையில் ஜெபமாலையோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒரு பெண், பாதி வழியில் திரும்பி டிவி இருக்கிற வீட்டுக்குள் நுழைகிறாள், ஜெப நேரத்தை விழுங்கிய பெட்டி நாளை என்னவெல்லாம் விழுங்கும் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. தெருவின் பெயரும் போடவில்லை. நாகம்மாவின் பூவை எழுதவில்லை. நீ சொன்னதையும் எழுதவில்லை.

ஞாயிறு இணைப்பில் வந்தது. அடுத்த ஞாயிறு காலைப் பூசையில் பங்குத்தந்தை பிரசங்கத்துக்கு நடுவே அந்தத் தாளை எடுத்து வாசித்தார். "நம்ம பங்கைச் சேர்ந்த ஆசிரியர் எழுதினது, ஒவ்வொரு குடும்பமும் யோசிக்கணும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்ல மனிதர். ஆனால் கெபிக்கு வரும் பெண்களுக்குத் தெரியுமே. பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆண்கள் பக்கத்திலிருந்து எனக்கு உன் முக்காடு மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். நான் முன்னால் நடந்தேன், நீ பின்னால் வந்தாய். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு கேட்டாய்.

"நான் அங்க இருந்ததப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"மழை பெஞ்ச அன்னிக்கு."

"கொட கொண்டாந்தீங்களா?"

"ஆமா."

முக்காட்டை எடுத்துக் கையில் பிடித்தாய். "அப்பக் கூப்பிட்டிருக்கலாம்ல? கொடையக் குடுத்துட்டு, ஏன்டி இங்க இருக்கன்னு கேட்டிருக்கலாம்ல? திட்டியிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். நீங்க பேசாம வந்து எழுதிட்டீங்க."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. முக்காட்டை மடித்து வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாய்.

அன்றிலிருந்து நீ மும்தாஜ் வீட்டுக்குப் போகவில்லை. கெபிக்கும் போகவில்லை. ஏழு மணிக்குப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாய். நாம் இருவருக்கு எவ்வளவு அரிசி வேண்டும், அதில் எவ்வளவு கல் இருக்கும்? பொறுக்கி முடித்த அரிசியையே மறுபடி முறத்தில் கொட்டிக்கொள்வாய் என்று நினைக்கிறேன். நான் முன்னறையில் எழுதிக்கொண்டிருந்தேன். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது, நிறைய எழுத முடிகிறது என்று ஒரு நண்பருக்குக் கடிதம்கூடப் போட்டேன். இரண்டு வருஷம் அப்படிப் போனது. அந்த இரண்டு வருஷத்தில் என் இரண்டு புத்தகங்கள் வந்தன.

இப்போது கணக்காக யோசித்துப் பார்க்கிறேன். டிவியைப் பற்றி நான் எழுதியது முழுக்கத் தவறு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பெட்டியை மட்டும் பார்த்தேன், அந்த அறையைப் பார்க்கவில்லை. சாயங்காலமானால் எனக்குப் போக எத்தனை இடம் இருந்தது! நூலகம், டீக்கடை, அச்சகம், பேருந்து நிலையத்துப் புத்தகக் கடை, இலக்கியக் கூட்டம். எங்கே போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனதே கிடையாது. உங்களுக்கு என்ன இருந்தது? பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும்போது குடத்தோடு கூடுவீர்கள், அதுவும் சண்டையில் முடியும். அதை விட்டால் கெபி. அங்கே பேச முடியாது. ஒரு இந்துப் பூக்காரியும் ஒரு முஸ்லிம் பெண்ணும் நீயும் ஒரே தரையில் உட்கார்ந்து பேச இந்த ஊர் ஓர் இடத்தையும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. அந்தப் பெட்டிதான் உங்களுக்கு ஒரு காரணம் கொடுத்தது. நாடகம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கப் போனீர்கள். என் புகழ்பெற்ற வரிக்கு நேர் எதிராக ஒன்று நாலு வீடு தள்ளி தினமும் நடந்துகொண்டிருந்தது. நான் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன்.

பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறினால் வாங்கியது, பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. மதுரைக்குக் கொண்டுபோனோம். இருதயம் பலவீனமாக இருக்கிறது, நடமாட்டம் கூடாது என்றார்கள். ஜெசிந்தா ஒரு மாதம் வந்து இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். நடு அறையில் ஜன்னலோரமாக உனக்குக் கட்டில் போட்டேன். சமையலை நான் கற்றுக்கொண்டேன். நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "இதுக்கு ஒரு கட்டுர எழுதலாம்" என்றாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நீ சொன்ன முதல் வேடிக்கை அது. நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒருநாள் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் வந்து, "ஒரு டிவி வாங்கிரட்டுமா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "வேணாங்க" என்றாய்.

"நான் எழுதுனதையெல்லாம் யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க."

"அதுக்கில்ல" என்றாய். "மும்தாஜுக்குச் சொல்லி விட்டிருக்கேன். நம்ம வீட்லயே டிவி இருந்தா அவ எதுக்கு வருவா?"

மறுநாள் மும்தாஜ் வந்தாள். அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவள் நம் படி ஏறியதில்லை. கையில் தூக்குச்சட்டியில் கஞ்சி. வாசலில் நின்று, "அக்காவப் பாக்கலாம்னு வந்தேன் சார்" என்றாள். உள்ளே வரச் சொன்னேன். ஒரு கால் உள்ளே வைத்தவள் நின்று, "நாங்க பேசிக்கிட்டு இருக்கிறத எழுதிற மாட்டீங்களே?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். "இல்லம்மா" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு, நாடகம் முடிந்த கையோடு வந்துவிடுவாள். அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்வாள். நான் முன்னறையில் மேசையில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"கௌரி பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டாக்கா. மாமியாக்காரி கதவப் படார்னு சாத்திட்டா."

"புருசங்காரன் எங்க போனான்?"

"மாடில நிக்கிறான். எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நிக்கிறான்."

"நிப்பான், நிப்பான்" என்பாய். இருவரும் சிரிப்பீர்கள். சிரித்தால் உனக்கு இருமல் வரும். இருமல் அடங்கியதும், "ம், சொல்லு" என்பாய். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். கௌரி யார், அவள் நாத்தனார் யார், கம்பெனிப் பத்திரத்தை யார் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் எனக்கும் அத்துபடியாகிவிட்டது. எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாம். நான் வந்தால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஆசிரியர்கள் அறையில் கணக்கு வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அப்பாடா, அந்தக் கௌரி நாடகம் முடிஞ்சிருச்சு சார் போன வெள்ளிக்கிழம. எல்லாரும் ஒண்ணாச் சேந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இனிமேலாவது எனக்கு ஏழரைக்கு வெஞ்சனத்தோட சோறு கெடைக்கும்."

அன்று புதன்கிழமை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மும்தாஜ் வந்து கதை சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு மும்தாஜ் வந்தாள். "இன்னிக்கு என்ன ஆச்சுன்னா அக்கா" என்று ஆரம்பித்தாள். கௌரி ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காயைக் கூடையில் அடுக்கி, மேலே இலை பரப்பிக் கட்டுவது அவள் வேலை. தோப்புக்கார அம்மா, "ஏனுங்க அம்மணி, படிச்ச புள்ளையாட்டத் தெரியுதுங்க, இந்த வேலைக்கு வந்திருக்கறீங்க" என்று கேட்டாளாம். மும்தாஜ் அந்தப் பக்கத்துப் பேச்சை அப்படியே இழுத்துச் சொன்னாள். நீ கலகலவென்று சிரித்தாய். சென்னையில் மாடிவீட்டில் பட்டுப்புடவையோடு படுத்து எழுந்த கௌரிக்கு ஆயக்குடி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பழனிப் பக்கம் வாக்கப்பட்ட தன் அக்கா வீட்டில் மும்தாஜ் பார்த்ததெல்லாம் கதைக்குள் வந்துகொண்டிருந்தது.

டிவி வந்தபின் கதை சொல்பவர்கள் செத்துப் போனார்கள் என்று நான் மூன்று கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். என் வீட்டு நடு அறையில், டிவி கதை முடிந்த இடத்திலிருந்து ஒருத்தி கதையை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.  வெட்கத்தோடு சொல்கிறேன், உடனே ஒரு தாளை எடுத்து முதல் வரியையும் எழுதிவிட்டேன்.

மும்தாஜ் போன பிறகு மாத்திரையோடு உன்னிடம் வந்தேன். "ஒண்ணு தெரியுமா உனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நாடகம் முடிஞ்சு போச்சு. அதான?" என்றாய்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏழரைக்கு அம்புட்டு வீட்லயும் அந்தப் பாட்டு கேக்கும்ல. மூணு நாளாக் கேக்கல." மாத்திரையை விழுங்கிவிட்டு மூச்சு வாங்கினாய். "இவ சொல்றது அதவிட நல்லாருக்கு. எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிறாதீங்க. அப்புறம் சொல்லக் கூச்சப்படுவா."

"சொல்லல" என்றேன்.

நான் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியபோது கையைப் பிடித்தாய். "என்னங்க... இதையும் எழுதிறாதீங்க."

அப்போது நீ பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

கௌரி அதற்குப் பிறகு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் வாழ்ந்தாள். கீரனூரில் ஒரு வீடு பிடித்தாள். தையல் மெஷின் வாங்கினாள். புருஷன் தேடி வந்தபோது மோர் கொடுத்து அனுப்பினாள். ஊரிலிருந்து ஏதோ சேதி வந்து, ஒரு சாயங்காலம் கொய்யாக் கூடையோடு செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தாள். பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்க்கா. அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்" என்று எழுந்தாள் மும்தாஜ்.

"யாரு கூப்டான்னு மட்டும் சொல்லிட்டுப் போடி."

"நாளைக்குக்கா."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நீ போய்விட்டாய்.

அதன்பிறகு தெரு மாறியது. வீட்டுக்கு வீடு டிவி வந்தது. சில வீடுகளில் இரண்டு. சாயங்காலம் நடந்துபோனால் எல்லா ஜன்னலிலும் ஒரே குரல் கேட்கிறது. ஒரு வாசலிலும் நாலு ஜோடிச் செருப்பு சேர்ந்து கிடப்பதில்லை. நான் எச்சரித்தது ஒருவழியாக நடந்தே விட்டது. ஆனால் அதை எழுதினால் நான் சொன்னது பலித்தது என்று கைதட்டுவார்கள். உங்களுடைய அந்த ஏழெட்டு வருஷங்களை யாரும் கேட்க மாட்டார்கள். நாகம்மாவை வழியில் பார்த்தால், "சாப்டாச்சா சார்?" என்பாள். அதற்கு மேல் எங்களுக்குள் பேச ஒன்றுமில்லை. ஜெசிந்தா ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் என் இருமல் மட்டும்தான் சத்தம்.

இன்று காலை மும்தாஜ் வீட்டுக்குப் போனேன். பெட்டியை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. அவள் புருஷன் சவூதியிலிருந்து திரும்பி வந்து பஜாரில் கடை வைத்திருக்கிறார். மகன் மருமகளோடு மாடியில் இருக்கிறான். மும்தாஜ் கீழே தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எங்க வீட்லயே ரெண்டு கெடக்கு சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எனக்குப் பாக்கவே புடிக்கல" என்றாள்.

எழுந்து வந்திருக்கலாம். ஆறு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னிக்கு செம்பட்டி பஸ் ஸ்டாண்டுல கௌரியக் கூப்பிட்டது யாரும்மா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"தினமும் கேட்டேன்."

"எனக்கே தெரியாது சார்" என்றாள். "நான் முன்கூட்டி நெனச்சு வச்சுக்கிட்டுச் சொன்னதில்ல. அக்கா மூஞ்சியப் பாப்பேன். எந்தப் பக்கம் சொன்னா மூஞ்சி மலருதோ அந்தப் பக்கமாக் கதையக் கொண்டு போவேன். அன்னிக்கு என்ன சொன்னாலும் மூஞ்சி மலரல. கண்ணு எங்கிட்டோ இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு. அடுப்புல பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொல்லிட்டுத்தான் எந்திரிச்சு வந்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உக்காந்து சொல்லி முடிச்சிருக்கணும். இன்னிக்கு வரைக்கும் அது மனசுல கெடந்து அரிக்குது."

வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினாள். பிறகு அவள் கேட்டாள்: "அக்காவுக்குத் தெரியுமா சார், அது டிவில வந்த கத இல்லன்னு?"

உன் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. "தெரியாதும்மா" என்றேன். "கடைசி வரைக்கும் நாடகம்னு நம்பிக்கிட்டுத்தான் இருந்தா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அல்லா புண்ணியம்" என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இனி எனக்கென்று மிச்சமிருப்பது அந்தக் கௌரிதான். ஒரு கால் தரையிலும் ஒரு கால் பஸ் படியிலுமாக நிற்கிறாள். கையில் கொய்யாக் கூடை. கண்டக்டர் அவசரப்படுத்துகிறார். அவளை அப்படியே நிற்க விட எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் விளக்குப் போட்டதும், உன் கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்க வைக்கலாம் என்று உட்காருகிறேன். "கௌரி திரும்பிப் பாத்தா" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அடுத்தது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நிமிர்ந்து பார்க்கிறேன்.